தொட்டிக்கும் பைக்கும் உகந்த மண்

விருத்தாசலம் களிமண் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். அகல்விளக்கும் பொம்மையும் பீங்கான் சாமான்களும் செய்யும் சூளைகள் அங்கே உண்டு. அத்தொழிலைப் பயிற்றும் அரசினர் நிலையமும் உண்டு. வனைவதற்கு நல்ல மண் எதுவென்று அவ்வூர்த் தொழிலாளியைக் கேட்டால், பிசையும்போது வெண்ணெய்போல் இழைய வேண்டும், நீரை விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும், உலர்ந்தால் இறுகி நிற்க வேண்டும் என்று கூறுவார். பாண்டத்திற்கு இம்மூன்று குணங்களும் இன்றியமையாதன. ஆனால் அதே பாண்டத்தினுள் மண்ணை நிரப்பிச் செடி வைக்க எண்ணுபவர் இம்மூன்று குணங்களும் உள்ள மண்ணை விலக்குதல் வேண்டும். சட்டி செய்ய நல்ல மண் சட்டியில் இடுவதற்கு ஆகாது. இதன் காரணத்தையும், நல்ல கலவையைக் குறைந்த செலவில் தயாரித்துப் பரீட்சிக்கும் வகையையும் குடியானவர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

இதனால் நேரும் நஷ்டம்

விருத்தாசலத்திற்கு மேற்கே, கடலூர் மாவட்டம் திட்டக்குடி வட்டத்தைச் சேர்ந்தது மங்களூர். (கர்நாடகத்துத் துறைமுக நகரான மங்களூர் வேறு.) மங்களூர் ஒன்றியத்தில் கரிசல் நிலம் மிகுதி. மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் அதில் விளைகின்றன. விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளிலோ முந்திரி சிறப்பாக வளர்கிறது. விருத்தாசலத்திலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. 3 முதலிய முந்திரி இரகங்களை அளித்துள்ளது. இவற்றை விதை போட்டு வளர்த்தால் தாய்மரத்தின் குணம் மாறிவிடும். ஆகையால் ஒட்டுக்கட்டிய கன்றுகளையே நடுவர். அக்கன்றுகள் யாவும் பாலித்தீன் பைகளில் வளர்பவை.

மங்களூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் தம்மிடமுள்ள ஒரு ஏக்கர் செம்மண் மேட்டில் முந்திரி வைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 7 மீட்டர் இடைவெளியில் நட ஏக்கருக்கு ஏறக்குறைய 80 கன்று வேண்டும். பழுது போவதற்கும் சேர்த்து 100 பைகளில் வைகாசி மாதம் விதை ஊன்றுகிறார். வீட்டருகே உள்ள கரிசல் மண்ணையே பையில் நிரப்புகிறார். தம் வயலில் பருத்தியை ஆளுயரம் வளர்த்த மண்ணாயிற்றே என்பது அவர் எண்ணம். கன்று முளைக்கிறது, ஒட்டும் பிடிக்கிறது. ஐப்பசியில் அடைமழை தொடங்கியதும் இலை வெளுக்கிறது. எரு போதவில்லை என்று மேலும் எரு இடுகிறார். கார்த்திகையில் பையைக் கிழித்துப் பார்த்தால் வேர் பழுப்பேறி அழுகி நாற்றம் வீசுகிறது. போனது பையும் விதையும் ஒட்டுக்கட்டிய கூலியும் மாத்திரமல்ல. முந்திரி ஒட்டு நட்ட மூன்றாம் ஆண்டு முதல் காய்க்கத் தொடங்கும். ஒரு நடவுப் பருவம் தவறினால் காய்ப்பும் ஓராண்டு தள்ளிப்போகும். இத்தனைக்கும் காரணம் விதையன்று, எருவன்று. பையில் இட்ட மண்ணே.

நிலத்து மண்ணும் தொட்டி மண்ணும்

நிலத்தில் நன்கு பயன்படும் மண் தொட்டியில் ஏன் கெடுதல் செய்கிறது? செடியின் வேர் நீரை உறிஞ்சுவதோடு சுவாசிக்கவும் செய்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள பெரிய துளைகளில் காற்றும் சிறிய துளைகளில் நீரும் தங்குகின்றன. பெரிய துளைகளும் நீரால் அடைபட்டுவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும்.

வயலில் மழை பெய்தால் மேல்மண்ணிலுள்ள நீரை அடிமண் இழுத்துக்கொண்டே போகிறது. பல அடி ஆழத்திற்கு மண் தொடர்ச்சியாக இருப்பதால், மேலே உள்ள பெரிய துளைகளில் விரைவில் காற்று புகுகிறது. கரிசல் மண் கோடையில் வெடிப்பதனாலும் காற்று உட்செல்லும். தொட்டியில் அவ்வாறில்லை. நீர் அடித்துளையை அடைந்தவுடன், அதற்குக் கீழே இழுப்பதற்கு மண் இல்லை. ஆதலால் அடிப்பகுதியிலுள்ள நுண்ணிய துளைகளில் நீர் கீழே விழாமல் தொங்கி நிற்கும். துளை அடைபடாமல் இருந்தாலும் இவ்வாறு நிகழும்.

இதனை எவரும் வீட்டிலேயே கண்டறியலாம். பாத்திரம் தேய்க்கும் நீள்சதுர ஸ்பாஞ்சு ஒன்றை நீரில் நன்கு ஊறவைத்துப் படுக்கைவாட்டில் கையில் பிடிக்கவும். சிறிது நேரம் நீர் சொட்டி நின்றுவிடும். பின் அதனைப் பிழியாமல் நெட்டுவாட்டில் திருப்பவும். மறுபடியும் நீர் சொட்டும். ஸ்பாஞ்சு அதுவே, துளைகளும் அவையே, உயரம் மாத்திரம் கூடியது. இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, உயரம் குறைந்த தொட்டியில் நீர் தேங்கும் பாகம் அதிகம். இரண்டாவது, எந்தத் தொட்டியிலும் அடியில் ஓர் ஈரப்பட்டை நிற்கவே நிற்கும். மண்ணின் துகள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரத்திற்கு அப்பட்டை ஏறும். களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது; பருமணல் துகள் 0.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை உள்ளது. களி மிகுந்த மண்ணைச் சிறிய பையில் நிரப்பினால் ஈரப்பட்டை ஏறக்குறைய மேல்வரை வந்துவிடுவதும், மழைக்காலத்தில் வேருக்குக் காற்றே கிட்டாமற் போவதும் இதனாலேயே.

தொட்டியின் அடியில் ஜல்லியோ உடைந்த ஓடோ கனமாகப் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்று பலரும் நம்பி வருகின்றனர். இது தவறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. ஈரப்பட்டை ஜல்லிக்கு மேல் ஏறி நிற்கும். வேருக்கு உரிய இடமே குறையும். மண் சரிந்து வெளியேறாதபடி துளையின் மேல் ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதுமானது. வடிகாலைத் தொட்டியின் அடியில் தேடாமல் மண்ணிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.

இப்பகுதியில் கிடைக்கும் மண் வகைகள்

கரிசல் மண்: களிச்சத்து மிகுதி, ஈரத்தில் உப்பி, உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். தொட்டியில் சுருங்கும்போது மண் சுவரை விட்டு விலகி, ஊற்றும் நீர் இடுக்கின் வழியே ஓடிவிடும், நடுமண் நனையாது. சுண்ணாம்பு கலந்திருந்தால் இரும்புச்சத்து வேருக்குக் கிட்டாமல் இளந்தளிரின் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பட்ட பாகம் மஞ்சளாகவும் தோன்றும். தனியே பயன்படுத்தலாகாது.

செம்மண்: தொட்டிக் கலவைக்கு அடிப்படையாக இப்பகுதியில் கிடைப்பவற்றுள் மிகச் சிறந்தது. மணலும் களியும் ஓரளவு ஒத்திருக்கும் செம்மண்ணின் மேல் ஓர் அடியை மாத்திரம் எடுக்க வேண்டும். அடியிலுள்ள சரளையும் இறுகிய செம்பாறை மண்ணும் உதவா.

ஏரி வண்டல்: சத்துள்ளது, ஆனால் துகள் மிக நுண்ணியது. நான்கில் ஒரு பாகத்திற்கு மேல் சேர்த்தால் மேற்புறம் ஓடுபோல் இறுகும்.

சூளைக்குரிய களிமண்: தொட்டியில் எவ்வளவு குறைவாகவும் சேர்க்க வேண்டுவதில்லை.

மண்ணைச் சோதிக்கும் எளிய முறைகள்

(1) நாடாச் சோதனை: ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசைந்து, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே வைத்து நாடாபோல் தள்ளுக. இரண்டு அங்குலம் அறுபடாமல் நீண்டால் களி மிகுதி. அது குயவருக்கு உரியது. நாடாவே உருவாகாமல் உதிர்ந்தால் மணல் மிகுதி. ஓர் அங்குலத்திற்குள் ஒடிந்துவிடுமாயின் தொட்டிக்கு ஏற்ற அடிப்படை மண் எனக் கொள்ளலாம்.

(2) பாட்டில் சோதனை: கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பாகம் மண்ணிட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைக்கவும். ஒரு நிமிஷத்திற்குள் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் நீரைக் கலங்கலாக வைத்திருப்பது களி. மேலே மிதப்பவை மட்காத சருகும் வேரும். மணற்படிவு பாதிக்கு மேல் இருப்பது நன்று.

(3) சுண்ணாம்புச் சோதனை: உலர்ந்த மண்ணில் சில துளி வினிகர் விடுக. நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு அதிகம். அம்மண்ணைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் கார அமில நிலையையும் உப்பின் அளவையும் எண்ணால் கூறுவர். அமில காரக் குறியீடு 6-க்கும் 7-க்கும் இடையே இருத்தல் பெரும்பாலான தொட்டிச் செடிகளுக்கு ஏற்றது.

கலவையில் சேர்க்கும் பொருள்கள்

மணல்: பருமணலே வேண்டும். நுண்மணலைக் களிமண்ணோடு சிறிதளவு கலந்தால் இளக்கம் உண்டாகாது. துளைகள் அடைபட்டு மேலும் இறுகும். குயவரும் பாண்டம் வெடியாதிருக்கக் களியில் சிறிது மணல் கலப்பதுண்டு. அதனால் களி களியாகவே இருக்கக் காண்கிறோம். ஆகவே சேர்த்தால் தாராளமாகச் சேர்க்க வேண்டும். ஆற்று மணலை அனுமதியின்றி அள்ளுதல் குற்றம். கருங்கல்லை அரைத்துச் செய்யும் மணலைப் பயன்படுத்துவோர் அதிலுள்ள தூளைச் சலித்து நீக்கி, ஒருமுறை கழுவிக்கொள்க. கடற்கரை மணலில் உப்பு உண்டு, அது ஆகாது.

தொழு எரு: நன்கு மட்கியதாக இருத்தல் வேண்டும். மட்கிய எரு கருமையாய், பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பிடி எருவை ஈரமாக்கிச் சிறு பையில் இறுகக் கட்டி இரண்டு நாள் வைத்துத் திறந்து பார்க்கவும். மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால் இன்னும் மட்கவில்லை. பச்சைச் சாணத்தின் சூட்டிலும் ஆவியிலும் இளவேர் கருகிவிடும். எருவைச் சலிக்கும்போது வளைந்த வெண்ணிறப் புழுக்கள் தென்பட்டால் பொறுக்கி அழிக்க வேண்டும். அவற்றுள் வேரைக் கடிப்பனவும் உண்டு.

தென்னை நார்க்கழிவு: இலேசானது; நீரையும் காற்றையும் ஒருங்கே பிடிப்பது. ஆனால் பச்சையாக உள்ளதில் உப்பும் துவர்ப்புச் சத்தும் உண்டு. அதில் தழைச்சத்து மிகக் குறைவு. கரிச்சத்து தழைச்சத்தைப் போல் ஏறக்குறைய 112 மடங்கு. அதனை அப்படியே கலந்தால் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொண்டு செடியைப் பட்டினி போடும். 1 டன் கழிவிற்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்து மட்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியுள்ளது. அவ்வாறு மட்கியபின் அவ்விகிதம் ஏறக்குறைய 24 மடங்காக இறங்குகிறது. கட்டியாக விற்பனையாகும் நார்க்கழிவை நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி வடித்த பின்னரே பயன்படுத்துக.

உமிக்கரி: நெல் அரவை ஆலைகளில் எளிதில் கிடைப்பது. முற்றும் எரிந்த வெண்சாம்பல் வேண்டாம். அதில் காரம் மிகுதி. உருக்குலையாமல் கருகிய உமியே மண்ணை இளக்கிக் காற்றோட்டம் தரும். பத்தில் ஒரு பாகம் முதல் ஐந்தில் ஒரு பாகம் வரை சேர்க்கலாம்.

மேல்நாட்டில் கண்ட அனுபவம்

முற்காலத்தில் இங்கிலாந்துத் தோட்டக்காரர் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு கலவையை இரகசியமாக வைத்திருந்தனர். ஒருவர் கலவை மற்றொருவர் கையில் பலிப்பதில்லை. ஒரே தோட்டத்திலும் இவ்வாண்டு பலித்தது மறுவருஷம் பொய்க்கும். லண்டனுக்கு அருகே மெர்ட்டன் என்னும் இடத்தில் இருந்த ஜான் இன்னிஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் 1930-களில் லாரன்ஸ், நியூவெல் என்ற இருவர் இதனை முறையாக ஆராய்ந்தனர். பெரும்பாலான செடிகளுக்கு வெவ்வேறு கலவை வேண்டியதில்லை என்றும், மண்ணின் கட்டுமானமும் நோயின்மையும் சத்தின் அளவும் ஒருபடித்தாக இருப்பதே முக்கியம் என்றும் அவர்கள் கண்டனர். தொட்டிக்கு அவர்கள் விதித்த அளவு, நீராவியால் சூடேற்றிய நல்ல தோட்ட மண் 7 பாகம், பீட் என்னும் சதுப்பு நில மட்கு 3 பாகம், பருமணல் 2 பாகம். விதை ஊன்றுவதற்கு மண் 2, மட்கு 1, மணல் 1.

அம்மட்கு தமிழ்நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. அதன் இடத்தை நார்க்கழிவு மட்கு கொள்கிறது. அன்றியும் அவர்கள் எடுத்த மண் புல்வெளியின் இளகிய மண். நம் நாட்டு மண் அவ்வளவு இளகியதன்று. மழையோ ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பது. ஆதலால் அவ்வளவை அப்படியே கைக்கொள்ளாமல் மணலையும் மட்கையும் கூட்டிக்கொள்வது பொருந்தும். ஒரே அளவு, ஒரே முறை, சுத்தமான பொருள் என்ற அவர்களது கொள்கை மாத்திரம் எங்கும் ஏற்கத்தக்கது.

கலவை அளவுகள்

அளவுகள் யாவும் கூடைக் கணக்கில் கொடுக்கப்பட்டுள்ளன. எடைக் கணக்கில் அல்ல.

(அ) முந்திரி ஒட்டுக்கன்றுப் பைகளுக்கு: செம்மண் 1, பருமணல் 1, சலித்த தொழு எரு 1.

(ஆ) செம்மண் கிட்டாமல் கரிசலே எடுக்க நேர்ந்தால்: கரிசல் 1, பருமணல் 2, தொழு எரு 1, உமிக்கரி 1. இதனைப் பின்வரும் சோதனைகளில் தேறிய பின்னரே பயன்படுத்துக.

(இ) வீட்டு முற்றத்துப் பெரிய தொட்டிகளுக்கு: செம்மண் 2, பருமணல் 1, தொழு எரு 1. மாடியில் வைப்பவர் பாரம் குறைய, செம்மண்ணில் ஒரு பாகத்தை நீக்கி நார்க்கழிவு மட்கு 1 பாகம் சேர்க்கலாம்.

(ஈ) மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளுக்குக் குழித்தட்டுகளில்: நார்க்கழிவு மட்கு மாத்திரம் போதும். குழி மிகச் சிறியதாகையால் அதில் மண் இடுவது ஸ்பாஞ்சைப் படுக்கவைத்தது போலாகும்.

தொட்டியின் தன்மைக்கேற்பவும் கலவையை மாற்ற வேண்டும். மெருகிடாத மண் தொட்டியின் சுவர் வழியே ஈரம் கசிந்து உலரும். வேர் குளிர்ச்சியாக இருக்கும். அதற்கு எருவைச் சற்றுக் கூட்டலாம். மெருகிட்ட பீங்கான் தொட்டியிலும் பிளாஸ்டிக் தொட்டியிலும் பாலித்தீன் பையிலும் சுவர் வழியே நீர் வெளியேறாது. அவற்றிற்கு மணலைக் கூட்ட வேண்டும். அடியில் துளையில்லாத அழகுத் தொட்டிகளில் நேரே மண் நிரப்பலாகாது.

மேற்கூறிய 100 பைகளுக்கு எவ்வளவு கலவை வேண்டும்? பை ஒன்றிற்கு 2 லிட்டர் வீதம் 200 லிட்டர். 20 லிட்டர் கொள்ளும் கூடையால் 10 கூடை. ஆனால் பருமணலின் இடுக்குகளில் மண் புகுந்துகொள்வதால், கலந்தபின் அளவு குறையும். ஆகவே செம்மண் 4, மணல் 4, எரு 4 ஆக 12 கூடை சேகரித்தால் குறைவின்றி இருக்கும். இதற்காகும் கூலி, மறுபடி ஒட்டுக்கட்டும் கூலியை நோக்க மிகச் சிறிதே.

கலவையைப் பரீட்சித்தல்

கலந்த மண்ணை நூறு பைகளிலும் நிரப்புவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்தல் வேண்டும். ஒரு வாரத்தில் இரண்டும் முடிந்துவிடும்.

முதற் சோதனை காற்றிடம் காண்பது. பையின் உயரமுள்ள ஒரு தகரக்குவளையின் அடியில் துளைகளிட்டு, வெளியே மெழுகால் அடைக்கவும். அது எத்தனை மில்லிலிட்டர் நீர் கொள்ளும் என்று அளந்துகொண்டு நீரைக் கொட்டிவிடுக. ஈரப்பதமான கலவையை, பையில் நிரப்புவதுபோலவே தட்டி நிரப்பவும். மேலே நீர் மினுமினுக்கும் வரை மெதுவாக நீர் ஊற்றவும். பின் துளைகளைத் திறந்து, வடியும் நீர் முழுவதையும் பிடித்து அளக்கவும். வடிந்த நீரின் அளவே காற்றுக்கு உரிய இடம். எடுத்துக்காட்டாக, 2,000 மில்லிலிட்டர் கொள்ளும் குவளையில் 120 மில்லிலிட்டர் மாத்திரம் வடிந்தால் காற்றிடம் 100-க்கு 6 பங்கு, இது போதாது. மணலும் உமிக்கரியும் சேர்த்து மறுபடி சோதிக்க 300 மில்லிலிட்டர் வடிந்தால் 100-க்கு 15 பங்கு; இது நன்று. 10-க்குக் குறைந்தால் தள்ளுக. 20-க்கு மேற்பட்டால் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது சோதனை பயறு முளைப்பு. ஒரு சட்டியில் கலவையையும் மற்றொன்றில் கழுவிய மணலையும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஊறவைத்த பச்சைப்பயறு 10 ஊன்றவும். ஐந்தாறு நாளில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை முளைத்து, மெல்லப் பிடுங்கிப் பார்க்கையில் வேர் வெண்மையாக இருக்குமாயின் கலவையில் விஷமில்லை. கலவையில் மாத்திரம் முளை குறைந்தால், அல்லது வேர் நுனி கருகியிருந்தால், மட்காத எருவோ உப்போ காரணமாகும். எருவை இன்னும் மட்கவிடுக. நார்க்கழிவை மறுபடி அலசுக. பத்துப் பயறு போவதால் நஷ்டமில்லை; நூறு கன்று போவதே நஷ்டம்.

நோயை விலக்குதல்

நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நீர்கோத்து மெலிந்து சாயும் நாற்றழுகல் நோய் பித்தியம் முதலிய பூசணங்களால் உண்டாவது. நீர் தேங்கும் மண்ணில் இவை பெருகும். ஆதலால் நல்ல வடிகாலே முதல் மருந்து. அடுத்தது சூரிய வெப்பம். ஈரமான மண்ணை மெல்லிய கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி வெயிலில் காய்ச்சும் முறையை இஸ்ரேல் நாட்டில் காத்தான் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் 1976-இல் வெளியிட்டனர். மேல்நாட்டார் நீராவி கொண்டு செய்ததை நம் நாட்டுக் குடியானவர் சித்திரை, வைகாசி வெயிலைக் கொண்டு செலவின்றிச் செய்துகொள்ளலாம். கலவையை அரை அடிக்கு மேற்படாத கனத்தில் பரப்பி, நீர் தெளித்து, தாளைப் படிய மூடி, ஓரங்களை மண்ணால் அணைத்து 4 முதல் 6 வாரம் விடுக. கறுப்புத் தாள் இதற்கு ஏற்றதன்று. அது தான் சூடாகுமேயன்றி மண்ணுக்கு வெயிலை விடாது. வைகாசியில் விதை ஊன்ற நினைப்பவர் பங்குனிக் கடைசியிலேயே இதனைத் தொடங்குதல் வேண்டும். ஆறியபின் ட்ரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை தரும் பூசணத்தைப் பொட்டலத்தில் குறித்த அளவுப்படி எருவில் கலந்து சேர்த்தால், தீய பூசணங்கள் மறுபடி இடம்பிடிப்பது தடைப்படும்.

நிரப்புதலும் நீர் விடுதலும்

முந்திரிக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பை வழக்கத்திலுள்ளது. அடியிலும் பக்கங்களிலும் துளைகள் தாராளமாக இருத்தல் அவசியம். கலவை கையில் பிடித்தால் உருண்டையாகி, தொட்டால் உதிரும் பதத்தில் இருக்கும்போது நிரப்ப வேண்டும். சேறாக நிரப்பினால் துளைகள் யாவும் நசுங்கும். பையைத் தரையில் இரண்டு முறை தட்டினால் போதும், கையால் அமுக்கலாகாது.

நீரில் மிதக்கும் கொட்டைகளை நீக்கி, மூழ்கும் கொட்டைகளைக் காம்புப்புறம் மேலாக ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுக. 40 முதல் 60 நாள் வயதில் வேர்ச்செடி ஒட்டுக்கு ஆயத்தமாகும். அதன்பின்னும் சில மாதம் அதே மண்ணில் கன்று வாழ வேண்டியிருப்பதால், முதல் நாள் மாத்திரமன்றிக் கடைசி நாள் வரை இளகி நிற்கும் கலவையே வேண்டும்.

நீர் விடும்போது அடித்துளை வழியே வெளிவரும் வரை விடுக. பின் மேல்மண் ஓர் அங்குலம் உலரும்வரை காத்திருக்கவும். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதால் உப்பு மேலே தங்கும். தொட்டியின் விளிம்பில் வெண்ணிறப் படிவு தோன்றினால் கிணற்று நீரில் உப்பு உள்ளது என்று அறிக. மழைநீரைச் சேமித்து இரண்டு மூன்று முறை தாராளமாக ஊற்றி உப்பை இறக்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பைகளைக் களித்தரையில் வைக்காமல், செங்கல் வரிசையின் மீதோ மேடான மணற்பாத்தியிலோ வைத்து, துளைகள் நீரில் அமிழாமல் காக்க வேண்டும்.

கன்று விலைக்கு வாங்குவோர் கவனிக்க

தாமே கன்று வளர்க்காமல் விலைக்கு வாங்குவோரும் மண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். பையைத் தூக்கி மோந்து பார்க்கவும். சாக்கடை நாற்றம் வீசினால் வேண்டாம். விரலால் அமுக்கினால் கல்போல் இருப்பதும், மண் சுருங்கிப் பையை விட்டு விலகியிருப்பதும் களிமண்ணின் அறிகுறி. அத்தகைய மண்கட்டியோடு நட்டால் செம்மண் நிலத்திலும் வேர் எளிதில் வெளியே பரவாது. அடித்துளை வழியே ஆணிவேர் வெளிப்பட்டிருந்தாலும், பையின் அடியில் வேர் வளையமாகச் சுற்றியிருந்தாலும், கன்று பையில் அளவுக்கு மீறி நாள் தங்கியது என்று அறிக.

முடிவுரை

மேலே கூறியவற்றின் சுருக்கம் வருமாறு:

(1) வயலுக்கு நல்ல மண் எல்லாம் தொட்டிக்கு நல்லதன்று. முதலில் காற்றும் வடிகாலும், அதன்பின் சத்து.

(2) இப்பகுதியில் செம்மண்ணே அடிப்படை. கரிசலைத் தனியே இடலாகாது. சூளைக்களியைச் சேர்க்கவே கூடாது.

(3) பருமணல், மட்கிய எரு, அலசிய நார்க்கழிவு, கருகிய உமி ஆகியவை துணைப்பொருள்கள்.

(4) நீர் வடியும் சோதனையும் பயறு முளைப்புச் சோதனையும் செய்த பின்னரே பைகளை நிரப்புக.

(5) இலை வெளுத்தால் உடனே எரு இடாமல், முதலில் ஒரு பையைப் பிரித்து வேரைப் பார்க்கவும்.

கரிசல் மண்ணைப் பையில் நிரப்பிய குடியானவர் உழைப்பில் குறைந்தவரல்லர். தம் நிலத்தின் மேல் அவருக்குள்ள நம்பிக்கையும் பிழையன்று. அந்நிலம் பருத்திக்கு இன்றும் நல்லதே. பல அடி ஆழமுள்ள நிலம் ஒரு சாண் பையில் அடங்கும்போது அதன் குணம் மாறுகிறது என்பதொன்றே அவர் அறியாதது. அடுத்த பங்குனியில் 4 கூடை செம்மண்ணையும் 4 கூடை மணலையும் தேடிக் கொணர்ந்து, 4 கூடை எருவோடு கலந்து, பத்துப் பயறு ஊன்றிப் பார்த்துவிட்டுத் தொடங்குவாராயின், கார்த்திகையில் அவர் மேட்டு நிலத்தில் 80 குழிகளுக்கும் கன்று இருக்கும்.